மூன்றாம் கவுண்டருக்கும் நான்காம் கவுண்டருக்கும் நடுவே

கபாண்டே எல்லைக் கட்டடம் திறந்த அன்று, மூன்றாம் கவுண்டரில் சாம்பியாவை விட்டு வெளியேறும் முத்திரை வாங்கிய எஸ்நாத் நமுவிங்கா, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தான்சானியாவின் நான்காம் கவுண்டருக்கு நான்கு நாள் நடந்தும் போய்ச் சேரவில்லை.

முன்பெல்லாம் இரண்டு நாட்டுக்கும் தனித்தனி அலுவலகம். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத முந்நூறு மீட்டர் செம்மண், ஒரு மாமரம். அங்கேயும் வரிசை, இங்கேயும் வரிசை. தான்சானியாவில் கட்டிக்கொடுத்த மகள் லவ்னஸுக்குப் பிரசவ வலி என்று கிளம்பிய எஸ்நாத், வரிசையிலேயே ஒன்றரை நாள் நின்றாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள் என்றதும் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள். மகள் மறுபடி மாசமாக இருந்தாள். கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் மகா கெட்டிக்காரர். மாமரத்தை வெட்டி, அந்த முந்நூறு மீட்டரையும் அழித்துவிட்டார். அழித்த நிலம் எங்கே போகும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும்தான்.

தலையில் கருவாட்டு வாளியோடு எஸ்நாத் ஓர் அடி வைத்தாள். எங்கள் கண் முன்னாலேயே கட்டைவிரல் உயரத்துக்குச் சிறுத்துப்போனாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அலறியடித்துப் பின்னால் நகர்ந்தோம். அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள். கருவாட்டு வாசனைகூட வந்தது. நான்காம் கவுண்டர் அதிகாரி முவாம்பே குனிந்து கேட்டார்.

"அம்மா, வந்துட்டிருக்கியா?"

"வந்துட்டேதான் இருக்கேன் தம்பி. உன் மேசைதான் தள்ளித் தள்ளிப் போவுது. எம்பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சா, அத மட்டும் சொல்லு."

நான்காம் நாள் காலையில் எடுத்தது. லவ்னஸ் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து நேரே கூடத்துக்கு வந்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்தான். முவாம்பே முத்திரைக் கட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"போன தடவ அம்மா வரட்டும்னு காத்துக் கெடந்தேன். இந்தத் தடவ நானே போறேன். குத்துங்க ஐயா."

முதல் முறை சரியாகப் பதியாமல் மறுபடி குத்தினார். அவளும் சிறுத்துப்போனாள். இரண்டு உருவங்களும் நெருங்குவதைக் குனிந்து பார்த்தோம். அவை சேர்ந்த இடத்தில், வெட்டிப்போட்ட அதே மாமரம் காய்த்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கொசுவின் ரீங்காரம்போல ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. லாரி ஓட்டும் ஆட்கள்கூட அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து மூவரும் நான்காம் கவுண்டரில் வந்து நின்றார்கள். பெண் குழந்தை. தாய் ஒரு நாட்டை விட்டு வெளியேறியவள், தாயின் தாய் இன்னொன்றை விட்டு. படிவத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் முவாம்பே வெகுநேரம் யோசித்து 'கூடத்தில்' என்று எழுதினார்.

இப்போது யாரும் பதறுவதில்லை. முத்திரை வாங்குமுன் ஒரு வாரத்துக்கு மாவும் தண்ணீரும் கட்டிக்கொள்கிறோம். அந்தப் பெண்ணுக்கு வயது ஒன்பது. அவளுக்கு மட்டும் அந்தத் தூரம் ஒரே அடிதான். எஸ்நாத்தோடு கிளம்புவாள், மறுகணம் முவாம்பேயின் மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பாட்டி வருகிறாளா என்று குனிந்து பார்ப்பாள். அந்த ஒரு வாரமும் அவளுக்குச் சாப்பாடு முவாம்பே வீட்டில்தான்.