அக்கா நிறுத்தச் சொன்ன இடம்

சர்வதேசக் கார் பந்தயத்தின் கடைசிச் சுற்று முடிந்து இரண்டு மணி நேரமாகியும் முடிவு ஒட்டப்படவில்லை. நடுவர்களின் அறை வாசலில் தம்பி குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான். வண்டி ஓட்டியவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பு வாசித்தவள் அக்கா. கவிழ்ந்து கிடந்த ஒரு வண்டியைப் பார்த்து, "நிறுத்துடா!" என்று கத்தியவளும் அவள்தான். அதில் நாற்பத்தெட்டு வினாடி போனது. கூடவே முதலிடமும் போனது.

"ஓகே பலகை காட்டினா நிக்கிற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"ஓகே இல்லடா. சிவப்புல எஸ்.ஓ.எஸ்.னுதான் இருந்துச்சு."

"பலகையைக் காட்டின ஆளே ஓகேன்னு சத்தியம் பண்றாரே!"

அதுதான் அவளை உட்காரவிடவில்லை. கவிழ்ந்தவர்கள் நலமென்றால் பச்சை எழுத்தில் ஓகே காட்ட வேண்டும், மற்றவர்கள் போய்விடலாம். உதவி கேட்டு எஸ்.ஓ.எஸ். என்று சிவப்பைக் காட்டினால் பின்னால் வருபவர் நின்றே ஆக வேண்டும். இழந்த நேரத்தை நடுவர்கள் திருப்பித் தருவார்கள். அவள் தப்பாகப் பார்த்திருந்தால் கோப்பை போச்சு. அதுகூடப் பரவாயில்லை. இனி அவள் கண்ணைத் தம்பியே நம்புவானா? வண்டியின் கேமராவிலோ வெறும் புழுதி.

உள்ளே கூப்பிட்டார்கள். கவிழ்ந்த வண்டியில் குறிப்பு வாசித்தவர் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய அணியின் இன்னொரு வண்டிதான் இப்போது முதலிடத்தில். பக்கத்திலேயே அணி மேலாளர்.

"பச்சைதான் காட்டினேன். ஓகேன்னு என் ரெண்டு கண்ணால படிச்சேன்," என்றார் கைக்கட்டுக்காரர்.

அவர் பொய் சொல்வதாக அக்காவுக்குத் தோன்றவில்லை. அதனாலேயே மேசைமேல் இருந்த அந்தப் பலகையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, கை ரொம்ப வலிக்கலைன்னா ஒரு தடவை பிடிச்சுக் காட்டுறீங்களா?"

ஒரே பலகை, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. அவர் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். பச்சை அவர் முகத்தைப் பார்த்தது. சிவப்பு நடுவர்களைப் பார்த்தது.

"இப்போ பதற்றத்துல பிடிக்கிறார். அங்க சரியாத்தான் பிடிச்சிருப்பார்," என்று மேலாளர் முந்திக்கொண்டார்.

கைக்கட்டுக்காரர் தலையை ஆட்டியிருந்தால் போதும், கோப்பை அவருடைய அணிக்குத்தான். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். பச்சையை நான் படிச்சேன்னா, ரோட்டுக்குத் தெரிஞ்சது சிவப்புதான். அந்தம்மா நின்னது சரி."

கடவுள் சாட்சி சொல்ல இறங்கி வருவதில்லை. இப்படி யாராவது ஒருவர் வாயில் பேசிவிட்டுப் போகிறார்.

நாற்பத்தெட்டு வினாடியும் திரும்பி வந்தன. பதினேழு வினாடி வித்தியாசத்தில் அக்காவும் தம்பியும் முதலிடம். தம்பி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்க்கா."

அவள் கண் வாசலில் இருந்தது. அந்த அணியின் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. கைக்கட்டுக்காரர் படியிலேயே நின்றார்.

"அவரை விட்டுட்டுப் போறாங்கடா!"

தம்பி ஓடினான். "அண்ணே, எங்ககூட வாங்க. முன்சீட்டு உங்களுக்கு. அக்கா பின்னாடி தூங்கட்டும். இல்லேன்னா வீடு வரைக்கும் இடது, வலதுன்னு உயிரை எடுப்பா."

"எனக்குத் தூக்கம் வந்தாத்தானே," என்றபடி அக்கா அவருக்காக முன்கதவைத் திறந்துவிட்டாள்.