ஊதா நாட்டுக்கு ஆபீசர் வந்தார்

டிராயிங் மாஸ்டர் பாலகுருவுக்கு மலை வரையத் தெரியும். ஒன்றல்ல, இரண்டு. நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, தென்னையடியில் ஒரு குடிசை. ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகப் பிள்ளைகள் இதைத்தான் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊரைச் சுற்றி இருந்தது கருவேலங்காடு. அதை வரையச் சொல்லி யாரும் கேட்டதில்லை, பாவம், அதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டது 2007 ஜூலையில் விருதுநகரில் நடந்த இரண்டு நாள் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த மேடம் ஒருவர் கதர்ப் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று, இனிமேல் பிள்ளைகள் படம் வரையக் கூடாது, ஒரு நாட்டையே படைக்க வேண்டும் என்றார். வரைபடம், கொடி, வீடு, சட்டம், திருவிழா எல்லாம் அவர்களே யோசிக்க வேண்டுமாம். உலகத்தில் எங்குமே இல்லாத நாடாக இருக்க வேண்டுமாம். ஆசிரியர் மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்கக் கூடாதாம்.

வாயைத் திறக்காமல் இருப்பதற்கு பாலகுருவுக்கு எந்த மேடமும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வருஷமாக அந்த ஒரு வேலையைத்தான் அவன் சுத்தமாகச் செய்துவந்தான். அவனுடைய வேலை தற்காலிகம். பள்ளிக்கூடத்துச் செயலாளர் கண்ணுச்சாமி ஒவ்வொரு வருஷமும், "தீபாவளி முடியட்டும் மாஸ்டர், நிரந்தரம் பண்ணிருவோம்" என்பார். தீபாவளியும் பாவம் ஒவ்வொரு வருஷமும் ஒழுங்காக வந்து முடிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கண்ணுச்சாமிக்கு ஊருக்குக் கிழக்கே ஒரு வெடிக் கம்பெனி உண்டு. ஊர்க்காரர்கள் பயராபீஸ் என்பார்கள். பாலகுருவின் மனைவி பொன்னுத்தங்கம் அங்கேதான் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். 'நான்கு நபர்கள் மட்டும்' என்று சுவரில் சிவப்பு எழுத்தில் போர்டு தொங்கும். அழகான எழுத்து. எழுதிக்கொடுத்ததே நம்ம பாலகுருதான். அந்த அழகான எழுத்துக்குக் கீழே எட்டுப் பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து மருந்து செலுத்துவார்கள்.

எப்போதாவது ஆபீசர் ஜீப் வரும். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், வந்து எண்ணிப் பார்க்கிற ஆபீஸ், அவ்வளவுதான். வாட்ச்மேன் இருளாண்டி "ஜீப்பு! ஜீப்பு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடுவார். அறைக்கு நாலு பேர் எழுந்து பின்பக்கத்துக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, அது பாதுகாப்பு விதி. அந்த ஒரு விதியை மட்டும் கம்பெனி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது. ஆகவே முள்ளுக்குள் வெறுங்காலோடுதான் ஓட்டம். சாயங்காலம் பாலகுரு ஊக்கை வைத்துக்கொண்டு மனைவியின் பாதத்தில் முள் எடுப்பான்.

"உங்க வேலை நிரந்தரம் ஆன மறுநாளே நான் நின்னுக்கிருவேன், பாத்துக்கோங்க" என்பாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவனுக்கும் அந்த ஒரு ஆசைதான். தினமும் கிழக்கே ஏதாவது சத்தம் கேட்டால், கையிலிருக்கிற சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும். கல்யாண வீட்டுச் சரவெடிதான் என்று தெரிந்த பிறகுதான் அது மறுபடி நகரும். அவள் அந்த அறையைவிட்டு வெளியே வர வேண்டும். அதற்குக் கண்ணுச்சாமி மனது வைக்க வேண்டும். அதற்கு இவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, நாட்டைப் படைக்கிற கதைக்கு வருவோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் துள்ளிக் குதித்து இறங்கினார்கள். அவர்களில் சம்சுவின் வாப்பாவுக்குச் சிவகாசியில் பேப்பர் கடை. ஏதோ ஒரு பிரஸ்ஸில் சிவப்பு லேபிளை ஊதாவாக அடித்துத் தொலைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்டுத் தாளை அவர் சும்மா கொடுத்தனுப்பினார். நாட்டுக்கு ஊதா நாடு என்று பெயர் விழுந்தது அப்படித்தான். பல நாடுகளுக்கு இதைவிட மட்டமான காரணத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வேலையை முன்னால் நின்று நடத்தியது வேல்விழி. அவளுடைய அம்மா அய்யம்மாள், அதே மருந்து அறையில் பொன்னுத்தங்கத்துக்குப் பக்கத்து ஆள். பதினைந்து நாளில் நாடு மேஜை மேல் எழும்பியது. பாலகுரு வந்து பார்த்தான். காலி மத்தாப்புப் பெட்டிகளில் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு முழ இடைவெளி. ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பக்கமும் வாசல், எல்லாக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறந்தன. வாசலுக்கு வாசல் மணல் வாளி. சமையல் அடுப்பெல்லாம் நாட்டின் எல்லைக்கு அந்தப்பக்கம். இடி இடித்தால் நாட்டுக்கே லீவு என்று சட்டப் புத்தகத்தில் முதல் சட்டமாக எழுதியிருந்தார்கள். ராஜா வீட்டு வாசலிலும் 'நாலு பேர் மட்டும்' என்று போர்டு இருந்தது.

உலகத்தில் எங்குமே இல்லாத நாடு! மேடம் பார்த்தால் பூரித்துப் போயிருப்பார்.

ஓரத்தில் காய்ந்த கருவேலங்குச்சிகளை நெருக்கமாக ஊன்றி ஒரு காடு வைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் தீக்குச்சி மனுஷிகள், வண்ண நூல் சேலை சுற்றி, குத்தவைத்த மாதிரி வளைந்து நின்றார்கள். அம்பதுக்குக் குறையாது.

"இது என்ன புள்ள?"

"ஒளியிற காடு சார். ஆபீசர் வந்தா ஒளியிறதுக்கு."

"கற்பனை நாட்டுக்கு எதுக்கு ஆபீசர்?"

வேல்விழி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நாடுன்னா ஆபீசர் வருவாகள்ல சார்? ஆபீசர் இல்லாத நாடு எங்கன இருக்கு?"

"சரி, வீட்டுக்கு நாலு பேருன்னுதான் நீங்களே சட்டம் போட்டிருக்கீகளே. மிச்ச ஆளு எங்கருந்து வந்தாக?"

"சட்டம் நாலு சார். ஆளு எட்டு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறும்பு ஒன்றும் இல்லை. எல்லா நாட்டிலும் சட்டம் போர்டில் இருக்கும், ஆள் உள்ளே இருப்பார்கள், ஆபீசர் வந்தால் காட்டில் இருப்பார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊதா நாட்டுக்காக அவள் புதிதாக யோசித்தது வேறு. காட்டுக்குள் முள்ளை வெட்டி ஒரு பாதை போட்டிருந்தாள். பாதை முடிவில் ஓலை நிழல், ஒரு குட்டி மண்பானை. தண்ணீர்த் தொட்டி மேலே ஓர் ஊதாப் பட்டம்.

"ரோட்டு விலக்குல ஜீப்பு திரும்பும்போதே தொட்டி மேல உள்ள ஆளு பட்டத்தை விட்டுருவாரு சார். கத்த வேணாம், விழுந்தடிச்சு ஓட வேணாம். மெதுவா நடந்து போயி, தண்ணி குடிச்சிட்டு உக்காரலாம். போன மாசம் எங்கம்மா ஓடுறப்ப விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா சார்."

பாலகுருவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வர்ற வெள்ளிக்கிழமை கண்காட்சி. தலைமை கண்ணுச்சாமி. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? அதே ஜீப்பில் வருகிற அதே ஆபீசர். இதைவிடப் பொருத்தமான இரண்டு பேரை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது.

"ஏ புள்ள, இந்தக் காட்டை மட்டும் எடுத்துருவமா? நாடு இன்னும் பளிச்சுன்னு இருக்கும்."

"எடுத்தா எங்கம்மா எங்கன சார் ஒளிவா?" வேல்விழி ஒரு தீக்குச்சியைத் தொட்டுக் காட்டினாள். மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. "இது உங்க வீட்டு அக்கா சார். எங்கம்மாவுக்குப் பக்கத்துலேயே வச்சிருக்கேன்."

அவன் அந்தக் குச்சியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னுத்தங்கத்திடம் மஞ்சள் சேலை ஒன்று உண்டு, வேலைக்கு உடுத்திப் போவது. காட்டை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, ஜீப்பும் வந்தது. பள்ளிக்கூடமாக இருந்ததால் யாரும் ஓடவில்லை. ஆபீசருக்குப் பொன்னாடை, ரோஸ் மில்க், முந்திரி. கண்ணுச்சாமி வெள்ளை வேட்டியில் அவருக்கு அரை அடி பின்னால் நடந்தார். ஊதா நாட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வேல்விழி தலையைச் சீவி ரிப்பன் கட்டி, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நாட்டை விளக்க ஆரம்பித்தாள். வாசல், வாளி, இடி லீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆபீசர் தலையாட்டினார். கடைசியில் குச்சி காட்டுக்கு வந்தது.

"இது ஒளியிற காடு. சட்டத்துக்கு மேல உள்ள ஆளுக, ஆபீசர் வர்றப்ப இங்கன வந்துருவாக. அவரு எண்ணி முடிச்சிட்டுப் போனதும் திரும்ப வந்து வேலை பாப்பாக."

ரோஸ் மில்க் டம்ளர் ஆபீசரின் உதட்டருகே நின்றது. கண்ணுச்சாமியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போனது. தலைமையாசிரியர் மொக்கைச்சாமி உத்தரத்தில் ஏதோ பல்லியைத் தேட ஆரம்பித்தார்.

ஆபீசர் பாலகுரு பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர், இதெல்லாம் நிஜமாவே நடக்கிறதா? இல்ல, பிள்ளைகளோட கற்பனையா?"

கேள்வி ரொம்பச் சின்னது. நடக்கிறது சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆபீசருக்குப் பின்னால் கண்ணுச்சாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரம் ஆனால் பொன்னுத்தங்கம் நின்றுகொள்வாள். இன்னும் ஒரே ஒரு தீபாவளி.

"முழுக்க முழுக்கக் கற்பனைதான் சார்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தன் முகத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. வேல்விழி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஆபீசர் கடகடவென்று சிரித்தார். "அடேயப்பா, என்ன கற்பனை! நானே இந்தக் காட்டுக்குள்ள ஒரு நாள் போய்ப் பாக்கணும்போல இருக்கு சார்" என்றார் கண்ணுச்சாமியிடம். கண்ணுச்சாமியும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாவட்டத்திலேயே சிறந்த கற்பனை வளம் என்று ஆபீசரே புகழ, ஊதா நாட்டுக்கு முதல் பரிசு, ஒரு பித்தளைக் கோப்பை.

ஜீப் போன பிறகு கண்ணுச்சாமி மட்டும் திரும்பி வந்தார். மேஜைமேல் குனிந்து நாட்டைச் சாவகாசமாகப் பார்த்தார். "பாப்பா, இந்தப் பட்டம் எதுக்கு?" என்று கேட்டார். வேல்விழி பட்டத்தையும் பாதையையும் பானையையும் ஒன்றுவிடாமல் விளக்கினாள். "பலே, பலே" என்றார் முதலாளி. பாலகுருவின் தோளில் தட்டினார். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீக மாஸ்டர். தீபாவளி முடியட்டும்."

செப்டம்பர் பிறந்ததும் தீபாவளிச் சீசன் சூடு பிடித்தது. ஒரு சாயங்காலம் பொன்னுத்தங்கம் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். இவன் வழக்கம்போல ஊக்கை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அதுக்கு வேலையில்லீக. இன்னைக்கு ஜீப்பு வந்துச்சு, ஆனா ஒரு முள்ளுகூடக் குத்தலை" என்றாள். "காட்டுக்குள்ள அம்சமா பாதை வெட்டியிருக்காக. பானையில தண்ணி வேற. தொட்டி மேல இருளாண்டி அண்ணன் பட்டம் விடுறாரு, சின்னப்புள்ள கணக்கா! எந்தப் புண்ணியவாளன் யோசிச்சானோ, நல்லாருக்கணும்."

பாலகுரு ஊக்கை மூடினான். "வாசலு?"

"என்ன வாசலு?"

"ரூமுக்கு நாலு வாசல், எல்லாம் வெளிய தெறக்கிற மாதிரி..."

"அதெல்லாம் யாரு வச்சா? இருக்கிறது ரெண்டு. அதுல ஒண்ணை மறிச்சுப் பெட்டியை அடுக்கியிருக்காக, ஆர்டர் கூடிப்போச்சுல்ல. ஒளியிறது சுளுவாயிருச்சா, இப்ப ஆளையும் கூட்டிட்டாக. ரூமுக்குப் பன்னெண்டு பேரு. கையை அசைக்க எடமில்லை." அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா காலு சுகமா இருக்கு."

அவன் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுக்க முள் இல்லை. இருந்தும் அவன் விரல் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. "கூச்சமா இருக்கு, விடுங்க" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே வேல்விழி எழுந்தாள். "சார், பட்டம் விடுறாகளாம் சார்! எங்கம்மா இனிமே விழவே மாட்டா." முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அடுத்த நாடு எப்ப சார்?"

"நாடு போதும்" என்றான் பாலகுரு. அவள் கண்ணைப் பார்க்காமல் போர்டுப் பக்கம் திரும்பினான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். "எல்லாரும் நோட்டை எடுங்க. ரெண்டு மலை போடுங்க."

பிள்ளைகள் மலை போட ஆரம்பித்தார்கள். பிறகு வேல்விழி கையைத் தூக்கினாள்.

"சார், மலைக்குப் பின்னால ஆளு போடலாமா?"

"மலைக்குப் பின்னால போட்டா தெரியாதே, புள்ள."

"தெரியாது சார்" என்றாள் வேல்விழி. "ஆனா இருப்பாக. பன்னெண்டு பேரு."