பட்டினி கிடந்த ஆர்க்கிட்

பனி இறங்க ஆரம்பித்த அன்று அவள் ஆர்க்கிட் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கப் பால்கனியில் வைத்தாள். பல் கிட்டும் குளிர். இனித் தண்ணீரும் கிடையாது, உரமும் கிடையாது என்றாள்.

வீடே அவளை ஒருமாதிரி பார்த்தது. மூன்று வருஷமாக நீட்டுநீட்டாய்த் தண்டு விட்டதே தவிர, பேருக்கு ஒரு மொட்டு வைக்காத செடி. கணவன் அதை மௌனச்சாமியார் என்பான். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாருக்கோ அந்த ஜன்னல்மேல் ஒரு கண். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தே பழகிய மனுஷர், நாற்காலியை அங்கே போட ஆசைப்பட்டார். இந்தக் குளிர்காலத்தில் பூத்தால் இடம் செடிக்கு, இல்லாவிட்டால் தனக்கு, செடி குப்பைக்கு என்று சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்தபின் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஜன்னலோரம் ஒன்றைத்தான்.

தான் செய்த தப்பு அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டிருந்தது. அது மலைக்காட்டுச் செடி. குளிரும் வறட்சியும் ஒரு பருவம் அதைத் தொட்டுப்போக வேண்டும். எப்போதும் சுகமாக இருந்தால் பூக்க என்ன அவசரம்? செல்லம் கொடுத்தே கெடுத்திருந்தாள்.

இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. தண்டுகள் சுருங்கி வரிவரியாயின. பிள்ளையாக இருந்தால் இந்நேரம் போலீஸ் வந்திருக்கும் என்றான் கணவன். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அவள் மனசு பால்கனியிலேயே கிடந்தது.

ஒரு காலையில் தொட்டிக்குள் விரல் வைத்தாள். ஓரத்துத் தண்டின் அடியில் ஈரம். உள்ளே மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பக்கத்தில் அவருடைய டம்ளர், காலியாக.

"மாமா, தண்ணி ஊத்துனீங்களா?"

பேப்பர் இறங்கவில்லை. "தாகத்துல கெடக்கும்மா. பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறது?"

"அது பூக்கலன்னா ஜன்னல் உங்களுக்குத்தானே?"

"அதுக்காக?"

வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. இனிமேல் ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

குளிர் தளரும்போது கணுக்கள் புடைத்தன. நடுத்தண்டு நெடுக ஜோடி ஜோடியாக மொட்டு. ஓரத்துத் தண்டில் மட்டும் மொட்டுக்குப் பதிலாகச் சின்ன இலையும் வெள்ளை வேருமாக ஒரு குட்டிச்செடி. தண்ணீர் கிடைத்ததும் அந்தக் கணு பூப்பதை மறந்துவிட்டது என்று விளக்கினாள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது என்னோடது."

மாலையில் அவர் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது சமையலறை வரை கேட்டது. "எங்க மருமக வேலை. நாங்க எல்லாரும் கரிச்சுக் கொட்டுனோம். அசையல அவ."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் வந்த சிரிப்பை யாரும் பார்க்குமுன் குனிந்து குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பிறகு தொட்டியை உள்ளே எடுத்து வந்தாள். ஜன்னலோரத்தில் மாமனாரின் நாற்காலி ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் நடுவில் இல்லை. ஒரு தொட்டி வைக்கும் அளவுக்கு விலகி, சுவரை இடித்துக்கொண்டு நின்றது. ஜன்னல் விளிம்பில் அவருடைய டம்ளர், கவிழ்த்து வைத்தபடி.

தொட்டியை இறக்கினாள். நுனி மொட்டின் விரிசலில் ஊதா தெரிந்தது.