கையால் கூட்டிய மூன்று மணி நேரம்

நெவேனா இருந்தது விதின் என்ற சிறிய ஊரில், வேலை பார்த்தது தலைநகர் சோஃபியாவில் இருந்த ஒரு கம்பெனிக்கு. வலைத்தளம் கட்டுகிற வேலை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்கே முட்டிக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். படம் வரவில்லை, படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஏற்க மாட்டேன் என்கிறது, என் கணினியில் ஓடுகிறது சர்வரில் ஓடவில்லை. இப்படி எதைக் கொண்டுவந்தாலும் அவளிடம் பதில் இருந்தது. "நீ ஒண்ணும் புதுசா தப்புப் பண்ணிடலை, உலகமே பண்றதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். அதிலேயே அந்தப் பிள்ளைகளுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஊருக்குள் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. சவப்பெட்டிக் கடை அஸெனுக்கு அவள் கட்டிக்கொடுத்த தளம். விதினில் ஒருவர் செத்தால் படமும் பெயரும் போட்டு ஒரு தாள் அச்சடித்து வீட்டுக் கதவில், தெரு மரத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு மரம் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லாமல் போய்விட்டது. பாதி ஊர் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இருந்தது. அந்த வருஷம் வசந்தத்தில் அஸென் வந்து, "நம்ம ஜனம் எல்லாம் போனுக்குள்ளதான் குடியிருக்கு, பொண்ணே. சாவையும் அங்கேயே ஒட்டிவிட்டுடு" என்றார். அவள் செய்துகொடுத்தாள்.

இந்த மாதிரித் தளங்களைச் வெறும் தரையிலிருந்து யாரும் கட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. தூண், கதவு, பூட்டு எல்லாம் அதில் தயாராக இருக்கும். நமக்கு வேண்டியதைப் பொருத்திக்கொண்டால் போதும். நேரத்தைக்கூட அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த ஊர் நேரத்தைக் கொடுத்தாலும் கிரீன்விச் நேரமாக மாற்றி உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே காட்டும்போது ஊர் நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அயல்நாட்டில் இருப்பவர்களின் பழைய போன்களிலும் பக்கம் சட்டென்று திறக்கவேண்டுமே என்று நெவேனா தனியாக ஒரு குறுக்குவழி எழுதியிருந்தாள். அந்த வழியில் போன நேரம் மட்டும் திரும்பாமல் கிரீன்விச்சிலேயே நின்றுவிட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. பக்கத்தில் அப்போது மணி எதுவும் இல்லை, இறந்த தேதி மட்டும்தான் இருந்தது.

ஆகஸ்டில் ஸோர்கா என்ற கிழவி அஸெனின் கடைக்கு வந்து ரகளை செய்தாள். அவள் புருஷன் மாதா திருநாள் பிறந்து ஒரு மணிக்கு மேல் உயிரை விட்டவர். தளத்தில் அதற்கு முந்தின நாள் தேதி இருந்தது.

"திருநாள் அன்னைக்குப் போனாருய்யா என் மனுஷன். அந்தச் சாவு எல்லாருக்கும் கிடைக்குமா? நீங்க அவரை ஒரு நாள் முன்னாடியே கொன்னுட்டீங்களே!"

அஸென் போனில் கத்தினார். நெவேனாவுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. கோடையில் விதின் கிரீன்விச்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நள்ளிரவு தாண்டிச் செத்தவர்கள் எல்லாம் முந்தின நாளுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். சரியான வழி, குறுக்குவழியைப் பிரித்து, நேரத்தை ஊர்ப் பெயரோடு கட்டி எழுதுவது. ஒரு நாள் பிடிக்கும் என்று நினைத்தாள். சோஃபியா வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நேரத்தோடு மூன்றைக் கூட்டு என்று ஒற்றை வரி எழுதினாள். பக்கத்திலேயே, "கோடை முடிவதற்குள் ஒழுங்காக மாற்றணும்" என்று தனக்கே ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டாள். ஸோர்காவின் புருஷன் திருநாளுக்குத் திரும்பி வந்தார். அஸென் ஒரு பை தக்காளி கொடுத்தனுப்பினார்.

மணி நேரத்தைக் கையால் கூட்டாதே என்று கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

செப்டம்பரில், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்தில் போட வேண்டும் என்றார் அஸென். அதே வரியையே அதற்கும் பயன்படுத்தினாள். மணி சரியாகத்தான் வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க, கோடைக்காக முன்னால் தள்ளியிருந்த கடிகாரங்களை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்தார்கள். குளிர்கால நேரம். மூன்று என்பது இரண்டாயிற்று. நெவேனாவின் வரி மூன்றிலேயே இருந்தது. அன்றிலிருந்து எல்லா அடக்கமும் தளத்தில் ஒரு மணி தாமதமாகக் காட்டியது. அஸென் தன் திரையில் பன்னிரண்டு என்று அடித்தால் அவருக்குப் பன்னிரண்டாகவே தெரியும். தளத்தைத் திறந்து பார்ப்பவர் போனில்தான் அது ஒன்று. ஊர்க்காரர்கள் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து வந்துபோனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் பெத்கானா என்ற வயதான அம்மாள் இறந்துபோனாள். அடக்கத்தன்று பிற்பகல் வேறு ஏதோ கேட்பதற்காகக் கூப்பிட்ட அஸென், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"கல்லறையில இன்னைக்கு ஒரு கூத்து. பெத்கானாவோட மக லில்யானா, இத்தாலியில பெர்கமோவுல கிழடுகளைப் பாத்துக்கற வேலை பண்ணுதே, அது பஸ் பிடிச்சு ரெண்டு நாளா வந்திருக்கு பாவம். வந்து சேர்றப்ப குழி மூடியாச்சு. ஜனம் எல்லாம் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போயாச்சு. மம்பட்டிக்காரனுங்க மட்டும் நிக்கறானுங்க. பூவை வெச்சுக்கிட்டு அவனுங்களைப் பாத்து, 'எங்கம்மா எங்கே'ன்னு கேக்குது."

"ஏன் லேட்டாச்சாம்?"

"இத்தாலி நேரத்தையும் நம்ம நேரத்தையும் போட்டுக் குழப்பிட்டேன்னு அதுவே தலையில அடிச்சுக்குது. ஒரு மணிக்குன்னு நெனச்சுச்சாம்."

நெவேனாவின் கை தானாகப் போனைக் காதிலிருந்து இறக்கித் தளத்தைத் திறந்தது. பெத்கானாவின் படம். கீழே, அடக்கம் ஒரு மணிக்கு.

"அஸென் அண்ணே, உங்க திரையில என்ன இருக்கு?"

"பன்னெண்டு. ஏன்?"

அப்புறம் சொல்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். தேடத் தேவைப்படவில்லை. எந்தக் கோப்பு, எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து குறுக்குவழியைப் பிரித்தாள், நேரத்தை ஊர்ப் பெயரோடு கட்டினாள், கோடையிலும் குளிரிலும், கடிகாரம் மாறுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வைத்துச் சோதித்துப் பார்த்தாள். ஒரு நாள் பிடிக்கும் என்று தள்ளிப்போட்ட வேலை, அடுப்பில் வைத்த சூப் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அஸெனின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப விட்டுடு. அந்தப் பொம்பளையே தன் தப்புன்னு சொல்லுது. நீ போய்ச் சொன்னா குழிக்குள்ள இருக்கறவ எந்திரிச்சு வந்துடுவாளா?"

"அந்தக்கா காலத்துக்கும் தன்னையே திட்டிக்கிட்டுக் கிடக்கும், அண்ணே."

"உன்னைத் திட்டிக்கிட்டுக் கிடந்தா மட்டும் அதுக்கு வயிறு நெறைஞ்சிடுமா? போறதுன்னா போ. கடை பேரை இழுக்காதே."

மறுநாள் காலை அவள் பெத்கானாவின் வீட்டுக்குப் போனாள். கதவில் தாள் ஈரத்தில் சுருங்கி ஒட்டியிருந்தது. திறந்தது மகன் திராகோமிர். ஐம்பது வயது, சவரம் செய்யாத முகம். உள்ளே மேஜையில், நேற்று சாவுச் சாப்பாட்டுக்கு அவித்த கோதுமை மீந்திருந்தது. லில்யானா பயண உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருந்தார்களே தவிர, பேசிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் பேச்சு விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியபோது திராகோமிர் அவளை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். "நான் ஊரான் வீட்டு அம்மாவைக் குளிப்பாட்டறேன், நீ பெத்த அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிட்டியேடா" என்று லில்யானா போனில் சொன்னாள். "அப்ப நீ வந்து குளிப்பாட்டு" என்று சொல்லி இவன் போனை வைத்தான். அதுதான் கடைசிப் பேச்சு.

நெவேனா நின்றுகொண்டே சொன்னாள். கோடை நேரம், குளிர்கால நேரம், தான் எழுதிய வரி. சொல்லச் சொல்ல அவள் வாய்க்கே அது கேவலமாக இருந்தது. "நீங்க குழப்பலைக்கா. தளத்துல ஒரு மணின்னுதான் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதினேன்."

லில்யானா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் பாத்தீங்க."

"பஸ்ல பத்து வாட்டி பாத்தேன். செர்பியா எல்லையில நிறுத்திப் போட்டப்பக்கூடப் பாத்தேன். நேரம் இருக்கு, பத்து நிமிஷம் முன்னாடியே போயிடலாம்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? நேத்து எல்லார் முன்னாடியும், 'சாவுக்குக்கூட நேரத்துக்கு வரத் தெரியாது'ன்னு சொன்னியே. கேட்டியா?"

திராகோமிர் ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா பன்னெண்டுன்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

"எடுத்திருப்பியா?"

அவன் ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என் நம்பர் உன்கிட்டயும்தான் இருக்கு. நான் பஸ் ஏறிட்டேன்னு பக்கத்து வீட்டு அக்கா உன்கிட்ட சொல்லிச்சா இல்லையா?"

"சொல்லிச்சு."

"கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு பாதிரியார்கிட்டே ஒரு வார்த்தை சொன்னியா?"

 நெவேனாவுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. கதவு திராகோமிருக்குப் பின்னால் இருந்தது.

"அவரே கேட்டாரு" என்றான் கடைசியில். "யாராவது வரணுமா, காத்திருக்கணுமான்னு கேட்டாரு. மக இருக்காளேன்னாரு." சவரம் செய்யாத தாடையைத் தேய்த்தான். "அவ வரமாட்டா, ஆரம்பிங்கன்னு சொல்லிட்டேன்."

லில்யானா கத்தவில்லை. நெவேனா அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். லில்யானாவோ எழுந்து மேஜையில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, தொட்டியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

"நீ ஏன் வந்து சொன்னே, தங்கச்சி?"

"உங்க மேல தப்பில்லைன்னு..."

"என் தப்பாவே இருந்திருக்கலாம். அது எனக்குப் பழக்கம்தான்." ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "பாவம், உன்னைச் சொல்லலை. நல்லதுக்குத்தான் வந்தே. ஆனா நேத்து ராத்திரி இவன் எனக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்தான். நானும் குடிச்சேன். அது போதும்னு நெனச்சிருந்தேன்."

அவள் மிச்சத் தட்டுகளையும் கழுவி முடித்தாள். அடுத்த பஸ்ஸிலேயே பெர்கமோவுக்குத் திரும்பிப் போனதாக அஸென் சொன்னார். அங்கே அவள் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு வேறு யார் ஊட்டினாலும் வாய் திறக்காதாம்.

கடிகாரம் மாறிய பிறகு அடக்கம் நடந்த வீடுகளுக்கு எல்லாம் நெவேனா போன் செய்தாள். பலர், நாங்கள் கதவில் பார்த்தோம், தளம் எங்கே பார்த்தோம் என்றார்கள். மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் மட்டும், "எங்க வீட்டுல யாரும் லேட்டா வரலைம்மா. வர்றதுக்கு யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டுக் கேட்டதற்கு நன்றி என்றார்.

கம்பெனியில் ஒரு புதுப் பையன், தேதி ஒரு நாள் பிந்தி வருகிறது என்று வந்து நின்றபோது அவளுக்கு அந்த வழக்கமான வாசகம் வாயில் வரவில்லை. "உட்காரு, சேர்ந்து முழுசா பிரிச்சுப் பாக்கலாம்" என்றாள். அன்று மாலைவரை அவனோடு உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதாம் நாளுக்குத் தாள் அடிக்க வேண்டும் என்று டிசம்பரில் திராகோமிர் அஸெனின் கடைக்கு வந்தான். நெவேனாவும் அங்கேதான் இருந்தாள். அவளைப் பார்த்ததும் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு அஸெனிடம் வாசகத்தைச் சொன்னான். அம்மாவின் பெயர், வயது, சனிக்கிழமை பத்து மணிக்குக் கோவிலில் பூசை. கீழே யார் பெயர் போடணும் என்று அஸென் கேட்டார்.

"லில்யானா" என்றான். பிறகு, "அப்புறம் நான்" என்றான்.

"பொண்ணு வருதா?"

"போனை எடுக்க மாட்டேங்கிறா. தினமும் போடறேன். அடிச்சுக்கிட்டே இருக்கு." நெவேனா பக்கம் திரும்பினான். "உன் தளத்துலயும் போட்டுடும்மா. கதவுல ஒட்டறதை அவ எங்க பாக்கப் போறா."

"போடறேன், அண்ணே."

"பேரு மேல இருக்கணும். அவ பேரு."

அவள் அவன் எதிரிலேயே அடித்தாள். லில்யானா என்ற பெயரை மேலே வைத்தாள். பத்து மணி என்று போட்டு, அஸெனின் திரையிலும் தன் போனிலும் பார்த்தாள். இரண்டிலும் பத்து இருந்தது. திராகோமிர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அச்சான தாள்களை மழையில் நனையாமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, பசை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.