மூன்றாம் வரிசை, கடைசி ஆணி

ஊசியில் நூல் கோக்க முடியாத கண்ணை வைத்துக்கொண்டு, பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் அரம் அண்ணன். நாள் முழுக்க அரமும் கையுமாக இருப்பதால் வந்த பெயர். நாக்கும் அப்படித்தான் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். இரண்டு கண்ணிலும் புரை. திங்கட்கிழமை ஆபரேஷன், அப்புறம் ஒரு மாதம் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவர் பதறவில்லை. சாவிக்கடையில் கூடவே வேலை பார்க்கும் தம்பி இருக்கிறானே! "நீங்க நிம்மதியா படுத்துக்குங்கண்ணா, கடையை நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னதைப் பத்துப் பேரிடமாவது பீற்றிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை மதியம் ஒரு தச்சர் வந்தார். தலையெல்லாம் மரத்தூள். திறந்து கிடந்த பித்தளைப் பூட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"புதுக் கடை ஒண்ணுல அலமாரி வேலைங்க. இருந்த ஒரே சாவியைத் தொலைச்சுட்டேன். சாயங்காலம் கடைக்காரர் வர்றதுக்குள்ள சாவி வேணும். இல்லேன்னா மானம் போயிடும்."

"மானம் போனா செஞ்சு தர முடியாது. சாவின்னா பாக்கலாம்."

அவர் இதுவரை தொட்டிராத பூட்டு. பெயர் இல்லை, எண் இல்லை. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினார். வழக்கமாக உள்ளே ஐந்து ஊசிப் பின்கள் இருக்கும், இதில் ஆறு. சாவித் துவாரம் நேராக இறங்காமல் இடப்பக்கம் வளைந்து, அடியில் மறுபடி வலப்பக்கம் திரும்பியது. இதே வளைவில் பல் வெட்டாத சாவிகள் அவரிடம் இருந்தன. எப்போதோ ஒரு வியாபாரி கலந்துகட்டித் தலையில் கட்டிய மூட்டையில் வந்த ஆறு சாவிகள். எந்தப் பூட்டுக்கும் சேராமல் மூன்றாம் வரிசைக் கடைசி ஆணியில் தொங்கின. கை தானாக அங்கே போனது. ஆணி மட்டும்தான் இருந்தது.

வெளிவேலை என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்த தம்பிக்கு, கைப்பழக்கத்தில் எண்ணை அழுத்திப் போன் போட்டார்.

"அந்த மாதிரி நம்மகிட்ட இருந்ததே இல்லையேண்ணா," என்றான் அவன். "கண்ணு மட்டுமில்ல, உங்களுக்கு ஞாபகமும் மங்குது."

இருக்கும் என்றுதான் அண்ணனும் நினைத்தார். அவன்மேல் சந்தேகமே வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

"அந்தக் கடையிலயே பலகை நிறையப் பல்லில்லாத சாவி தொங்குதுங்க," என்றார் தச்சர். "அதுல இருக்கான்னு வந்து பாக்கறீங்களா?"

"அங்க எதுக்குய்யா சாவி?"

"சாவிக்கடைதாங்க அது. திங்கக்கிழமை திறக்கறாங்க."

போட்டிக்கு எவனோ வந்துவிட்டான்! மூஞ்சியையாவது பார்த்து வைக்கலாம் என்று அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடந்தால் இரண்டு தெரு.

பலகை புத்தம் புதிது. சாவிகளை மாட்டியிருந்த வரிசை புதிதல்ல. ஊரெல்லாம் எண்ணைப் பார்த்து மாட்டுவார்கள். இவர் மட்டும் வளைவைப் பார்த்து மாட்டுவார். கண் மங்க ஆரம்பித்ததும், கையே தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று தானே வகுத்துக்கொண்ட வரிசை. அதுதான் இங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் நாலாவது ஆணி இல்லை. அவர் கடைப் பலகையில் அந்த இடத்தில் விரிசல், ஆணி நிற்காது. இங்கே தடவிப் பார்த்தார். விரிசலே இல்லை.

"இந்த இடத்தை ஏன்யா விட்டே?"

"கடைக்காரர் போன்ல ஒரு படத்தைக் காட்டி, அச்சு அசலா இப்படியே வேணும்னாருங்க. நமக்கென்ன, அப்படியே அடிச்சுட்டேன்."

மூன்றாம் வரிசைக் கடைசி ஆணிக்குக் கை போனது. ஆறும் இருந்தன.

தம்பிதான். கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். அண்ணன் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கப்போகும் நாளாகப் பார்த்துத் தேதி குறித்திருக்கிறான். தனியாகப் போகிறேன் என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால், பாதிச் சாவியை அவரே கழற்றிக் கொடுத்திருப்பார். அதைக்கூட விடலாம். ஞாபகம் மங்குது என்றானே, பாவி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தச்சர் என்ன பாவம் செய்தார்? அண்ணன் தரையில் உட்கார்ந்து, ஒரு சாவியைப் பூட்டுக்குள் நுழைத்து அழுத்தித் திருகி வெளியே எடுத்தார். ஊசிப் பின்கள் அழுத்திய தடம் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தச்சர் பார்த்துச் சொல்ல, அந்த இடங்களை மட்டும் அராவினார். மறுபடி நுழைத்தார், மறுபடி அராவினார். ஒரு மணி நேரத்தில் சாவி பூட்டுக்குள் சுற்றியது.

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணா... ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"கண்ணு தெரிஞ்ச பிறகு நீ எதுக்குடா சொல்லணும்? நானே பாத்திருப்பேனே."

தம்பி பாக்கெட்டைத் துழாவி அண்ணன் கடைச் சாவியை எடுத்து நீட்டினான்.

"நீயே வச்சுக்கோ. நான் பூட்டை மாத்திக்கறேன்."

வாசலில் மூன்று படி. தம்பி ஓடிவந்து கையைக் கொடுத்தான். அண்ணன் தச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெருவுக்கு வந்ததும் போனை எடுத்துத் தச்சரிடம் தந்தார்.

"எழுத்து தெரியல தம்பி. டாக்டர்னு போட்டிருக்கும் பாருங்க, கூப்பிட்டுக் குடுங்க. திங்கக்கிழமை வர முடியாதுன்னு சொல்லணும். கடையைப் பாத்துக்க ஆள் இல்ல."