ரெக்கார்டு ரூம் கதவு

எல்லா அறைக் கதவுக்கும் கண்ணாடி பொருத்த வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், பள்ளிக்கூட கிளார்க்காகிய நான்தான். பெரியவரும் பிள்ளையும் தனியாக இருக்கக்கூடிய எந்த அறையும் வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும்தான் அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.

தச்சர் ஒவ்வொரு கதவாக அறுத்துக்கொண்டு வந்தார். கணக்கு வாத்தியார் மதியத்தில் மேசைமேல் கவிழ்ந்து தூங்குவது முதல் நாளே வெட்டவெளிச்சமானது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் ரெக்கார்டு ரூம் முறை வந்ததும் தச்சரை மறித்துக்கொண்டேன்.

"இங்க ஃபைலும் தூசியும்தான் இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. விடுங்கண்ணே."

என்னிடம் என்பது பேச்சுக்குத்தான். சாவி ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக அப்படித்தான்.

இரண்டு வாரம் போனது. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். எதிலும் முந்திக்கொண்டு பேசுவதால் முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவோம். சாக்பீஸ் வாங்க வந்தவள் அந்தக் கதவைப் பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் ஏன் கண்ணாடி இல்ல ஆன்ட்டி?"

"உள்ள யாரும் போறதில்லடி."

"ஐடி கார்டுக்குப் படம் எடுக்க இன்னைக்கு வந்திருக்காரே, அந்த அங்கிள் என்னை இங்க வரச் சொன்னாரு. தனியா எடுக்கலாம், யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் ஓடி வந்துட்டேன்."

ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை. கத்தத்தான் வாய் வந்தது. துருவிக் கேட்காதே, பயமுறுத்தாதே, நம்பு, உடனே சொல் என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டேன்.

"ஓடி வந்தது சரி, கண்ணு. சொன்னது அதைவிடச் சரி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இதை ஹெட்மிஸ்கிட்ட நான் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. சாக்பீஸ்?"

ஒரு பெட்டியாகவே கொடுத்து, அவளை டீச்சரிடம் விட்டேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு ஓடினேன். தலைமையாசிரியை இரண்டு ஆசிரியர்களை அனுப்பி மைதானத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த அவனைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தார். தாளாளர் மட்டும் கையைப் பிசைந்தார்.

"ஸ்கூல் பேரு கெட்டுடுமே. நமக்குள்ளயே முடிச்சுக்கலாமே."

"பேரைத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம் சார்" என்றபடி தலைமையாசிரியை போலீசுக்கும், அடுத்து முந்திரிக்கொட்டையின் அம்மாவுக்கும் போன் போட்டார். வந்த போலீஸ்காரர் அவன் சட்டைப் பையிலிருந்து என் சாவியை எடுத்தார்.

அம்மா வந்தபோது முந்திரிக்கொட்டை கையெல்லாம் சுண்ணாம்பாகக் கரும்பலகையில் யானை வரைந்துகொண்டிருந்தாள். அவளை நினைத்தால் பெருமையாக இருந்தது. என்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தச்சரை நானே போய்க் கூட்டி வந்தேன். அவர் டேப்பை நீட்டினார்.

"எவ்வளவு பெரிய கண்ணாடி வைக்கணும்மா?"

"கண்ணாடி வேண்டாம்ணே. கதவையே கழட்டிடுங்க."