பதினான்காவது வாக்கியம்

வங்கதேசத்தில் எங்கள் ஜாலகாட்டி ஊரில் வாய்க்குள் படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடித்துக் கால் மணி நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் பாடம் கிளம்பிவிடும். ஒரு வீட்டில் ஒளிச்சேர்க்கை, அடுத்த வீட்டில் பிளாசிப் போர், அதற்கடுத்த வீட்டில் என் இங்கிலீஷ் இலக்கணம். சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்: "என்னடா, தூங்கிட்டியா?" பிள்ளைகளும் தலையெழுத்தே என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும். வீட்டுச் சுவர்களில் பாதி தகரம். அதனால் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பாடம் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மீன்காரருக்குக் கூட ஒளிச்சேர்க்கை தெரியும்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு இடம் கொடுத்த தாலுக்தாரிடம் சொன்னது பொய்.

என் பெயர் மஹ்பூஸா. மொக்லேஸ் தாலுக்தாரின் பழைய பாக்குக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதில் பதினோரு வருஷமாக இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிறேன். சுற்றிலும் தகரம், மேலேயும் தகரம். பாக்கு போய்விட்டது, பாக்கு வாசனை போகவில்லை. என்னிடம் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் பாக்கு வாசனை பட்டால் இலக்கணம் ஞாபகம் வருகிறது என்கிறார்கள்.

பொதுத்தேர்வில் கூட்டு வாக்கியத்தைத் தனி வாக்கியமாக்கச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். இரண்டு வாக்கியங்கள் நடுவில் ஓர் 'ஆனால்' போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். அந்த 'ஆனால்'-ஐ எடுத்துவிட்டு, பொருள் கெடாமல் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். எல்லா நோட்ஸ் புத்தகத்திலும் உதாரணம் ஒன்றுதான். 'அவன் ஏழை, ஆனால் நேர்மையானவன்.' அதை மாற்றினால், 'ஏழையாக இருந்தும் அவன் நேர்மையானவன்.' என் அப்பா படித்த புத்தகத்திலும் அந்த ஆள் ஏழைதான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு விடிவு பிறக்கவில்லை. பிள்ளைகள் அவனை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, பரீட்சையில் 'அவள் பணக்காரி, ஆனால் நிம்மதி இல்லாதவள்' என்று கேட்டாலும் அந்த ஏழையையே எழுதிவிட்டு வரும்.

எரிச்சல் தாங்காமல் நானே வாக்கியங்களைக் கட்ட ஆரம்பித்தேன். நம் தெருவில் இல்லாத ஆட்களா? 'நிமாய் முடி வெட்டுவார், காதையும் வெட்டுவார்.' மாற்றி எழுது: 'நிமாய் முடியோடு காதையும் வெட்டுவார்.' ஒரு பிள்ளை அதை மறக்கவில்லை. முடிதிருத்தும் நிமாய் மட்டும் ஒரு வாரத்துக்கு என்னைக் கண்டால் கத்தரிக்கோலைச் சத்தமாக ஆட்டினார். அதோடு சரி.

ஃபேன் விவகாரம் அப்படி முடியவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் தாலுக்தாரிடம் ஃபேன் கேட்டேன். "அதுக்கென்ன மிஸ், தந்துட்டாப் போச்சு" என்றார். குளிர் வந்தது. "குளிர்ல எதுக்கு மிஸ் ஃபேன்? பிள்ளைங்களுக்குச் சளி புடிக்கும்" என்றார். வெயில் வந்தது. "இப்ப ஊரே ஃபேன் வாங்குது மிஸ், கடையில சரக்கு இல்ல" என்றார். ஏழு மாதம் ஆயிற்று. எங்கள் வருஷப் பிறப்பான பைசாக் பிறக்கப் பத்து நாள், பரீட்சைக்கு இருபது நாள். நாற்பத்தொரு பிள்ளைகள் அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் மயங்கி விழுந்தான். அன்றைக்குத் தயார் செய்த பயிற்சித் தாளில் பதினான்காவதாக இங்கிலீஷில் இப்படி எழுதினேன்:

'வீட்டுக்காரர் ஃபேன் தருவதாகச் சொன்னார், ஆனால் தரவில்லை.'

விடையையும் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: 'தருவதாகச் சொல்லியும் வீட்டுக்காரர் ஃபேன் தரவில்லை.' நாற்பத்தொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மக்ரிப் பாங்குக்குப் பிறகு என் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கச்சேரி பிரமாதம்.

மறுநாள் காலையில் தாலுக்தார் கிடங்குக் கொட்டகை வாசலில் நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. அந்த மனுஷர் வெற்றிலை இல்லாமல் வெளியே வந்தால் ஏதோ ஆகாதது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"மிஸ், என் பொண்ணு லாமியா நேத்து வராந்தாவுல உக்காந்து படிச்சா."

"நல்லாப் படிக்கிற பொண்ணு, சாச்சா."

"படிச்சா படிச்சா, அப்படிப் படிச்சா! என்னமா ஆடி ஆடிப் படிக்குது புள்ளைன்னு நானே எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளர் பால் கொண்டாந்து குடுத்தேன். 'அப்பாவுக்கு அர்த்தம் சொல்லும்மா'ன்னேன். சொன்னா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் வீட்ல, என் பாலைக் குடிச்சுக்கிட்டு, என் பொண்ணே என்னைத் திட்டுறா மிஸ்! அதுவும் இங்கிலீஷ்ல!"

"அது பொதுவா ஒரு வீட்டுக்காரர், சாச்சா. உங்களைச் சொல்லல. தெரியாம அப்படி அமைஞ்சிருச்சு."

"பொதுவான வீட்டுக்காரரு, பொதுவான ஃபேனை, பொதுவா தரலையாக்கும்?"

"தாளை எல்லாம் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றேன்.

"தாளை வாங்கிடுவீங்க. தொண்டையை எப்படி வாங்குவீங்க? நான் வார்டு கவுன்சிலருக்கு நிக்கிறேன் மிஸ். ஒன்றரை மாசத்துல எலெக்ஷன். பைசாக் ஒண்ணாந்தேதி ரூமைக் காலி பண்ணிடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாய்க்கொழுப்பு என்று என் அண்ணி சொல்வது இதைத்தான். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் நாற்பத்தொரு பேரை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பேன்? அண்ணன் குடும்பத்தோடு நான் இருக்கும் வீட்டில் என் கட்டிலுக்கே இடம் பாதிதான். இந்த வார்டில் வேறு காலி இடம் என்றால் ஆற்றங்கரை படகுத்துறைதான்.

என்னைக் காப்பாற்றியது எலெக்ஷனில் தாலுக்தாரை எதிர்த்து நின்றவரின் ஆட்கள். இரண்டு நாளில் ஹாருனின் டீக்கடையில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் சமோசா மாதிரியான சிங்காராவைக் கடித்துக்கொண்டு பதினான்காவது வாக்கியத்தை ஒப்பித்தார்கள். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ராகம் மட்டும் என் பிள்ளைகளின் ராகம். தாலுக்தார் ஓட்டுக் கேட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தால், உள்ளேயிருந்து கிழவர் ஒருவர் ஆடிக்கொண்டே, "தருவதாகச் சொல்லியும்..." என்று ஆரம்பிப்பாராம்.

மூன்றாம் நாள் ஃபேன் வந்தது. வேன் ரிக்‌ஷாவில், நடுவில் நின்ற நீல ஸ்டாண்டு ஃபேனைக் கட்டிப் பிடித்தபடி தாலுக்தாரே உட்கார்ந்து வந்தார். கடையிலிருந்து கொட்டகைக்கு நேர்வழி இருக்கிறது. அவர் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பாலிதீனைக் கழட்டாதீங்க மிஸ். புதுசுன்னு தெரியட்டும். இப்ப வாக்கியத்தை மாத்துங்க."

மாற்றினேன். 'வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்றினார்.' தனி வாக்கியமாக்கினால், 'கொடுத்த வாக்கை வீட்டுக்காரர் காப்பாற்றினார்.' அன்று மாலை தாலுக்தார் தெரு முழுக்க இரண்டு தடவை நடந்தாராம். நடக்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, கேட்டுக்கொண்டே நடந்தாராம்.

"அப்ப ரூம், சாச்சா?" என்று மறுநாள் கேட்டேன்.

"பைசாக் வரட்டும், பாக்கலாம்."

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டேதான் பாடம் நடத்தினேன். ஆனாலும் ஃபேன் வந்த சந்தோஷம் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கொட்டகையில் பிளக் ஒன்றே ஒன்று, என் மேசைக்குப் பக்கத்தில். வயர் இரண்டு முழம். அதனால் ஃபேன் அங்கேயே நின்றது. தலையை ஆட்டவிட்டால் மேசைத் தாள்கள் பறந்தன, அதனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். ஏழு மாதத்தில் முதல்முறையாக என் சேலை முதுகில் ஒட்டவில்லை. "யாருக்காகச் சண்டை போட்டேன்? உங்களுக்காகத்தானே? பரீட்சையில அதை மறந்துடாதீங்க" என்று நாளைக்கு இரண்டு தரமாவது சொன்னேன். பிள்ளைகளும், "ஆமா மிஸ்" என்று தாளால் விசிறிக்கொண்டே சொன்னார்கள்.

தாலுக்தார் தினமும் வர ஆரம்பித்தார். வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, பாடம் முடியும்வரை உட்கார்ந்திருப்பார். இன்னொரு வாக்கியம் வந்துவிடுமோ என்று வேவு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் எழுந்து போகும்போது கேட்டார்:

"மிஸ், அந்த 'ஆனால்'-ஐ எடுத்துட்டா, அந்த ஆளு செஞ்ச காரியம் மாறிடுமா?"

"மாறாது சாச்சா. செஞ்சது செஞ்சதுதான். சொல்ற விதம்தான் மாறும்."

"அப்ப சரி" என்று போய்விட்டார்.

பைசாக்குக்கு முந்தின நாள். கடைசித் தாளுக்குக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கியிருந்தேன். தாலுக்தார் முக்காலியில் உட்காராமல் நேராக உள்ளே வந்தார். நாலாக மடித்த ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ரூம் விஷயம், மிஸ். வாக்கியம் நானே கட்டுனது. இங்கிலீஷ் வார்த்தை மட்டும் லாமியா. இதைக் கடைசித் தாள்ல போடுங்க. போட்டா ரூம் உங்களுக்குத்தான், அடுத்த வருஷமும், அதுக்கடுத்த வருஷமும். போடலைன்னா நாளைக்குச் சாவியைக் குடுத்துடுங்க."

என் வாயைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். மிஸ்ஸுக்குப் படிப்பு உண்டு, ஆனால் வாய் நீளம், இப்படி ஏதாவது. அதற்கு நான் தயார். அந்தப் பேர் எனக்குப் பழகிப்போனது. காகிதத்தைப் பிரித்தேன்.

'மிஸ் பிள்ளைகளுக்காக ஃபேன் கேட்டுச் சண்டை போட்டார், ஆனால் காற்றைத் தானே வாங்கிக்கொள்கிறார்.' கீழே விடை: 'பிள்ளைகளுக்காகச் சண்டை போட்டும் மிஸ் காற்றைத் தானே வாங்கிக்கொள்கிறார்.'

எனக்குக் காது சுட்டது. ஒரு தப்பாவது இருக்காதா என்று மூன்று தடவை படித்தேன். காற்புள்ளியைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன், வினையைப் பார்த்தேன். பாவி மனுஷர், முக்காலியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறார். என் பின்கழுத்தில் ஃபேன் சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். முதல் வரிசையில் லாமியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் கழுத்தில் வியர்வை ஓடியது. கடைசி வரிசையில் சட்டைகள் நிறம் மாறி நனைந்திருந்தன. எல்லார் கையிலும் தாள், விசிறி விசிறி ஓரம் கிழிந்து போயிருந்தது. ஃபேன் வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"ஏன்டி ஷுமி, ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்று கடைசி வரிசைப் பெண்ணைக் கேட்டேன்.

ஷுமி எழுந்து நின்றாள். "நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க, மிஸ்."

இதற்கு அந்தக் காகிதமே தேவலை. கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, முதல் கேள்வியாக அந்த வாக்கியத்தை எழுதினேன், கொட்டை எழுத்தில். பலகையில் எதை எழுதினாலும் சேர்ந்து படிப்பது என் பிள்ளைகளின் வழக்கம். அர்த்தம் உறைக்கும் முன்னாலேயே நாற்பத்தொரு தொண்டை அதை முழங்கிவிட்டது. உறைத்தபிறகு நாற்பத்தொரு தலையும் நோட்டுக்குள் புதைந்தது. தாலுக்தார் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"தப்பு ஏதாச்சும் இருக்கா, மிஸ்?"

"இல்ல சாச்சா. முழு மார்க்."

அவர் முகம் ஒரு பிள்ளையின் முகம் மாதிரி மலர்ந்துபோயிற்று. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. மேசையைச் சுவரோரம் தள்ளினேன். ஃபேனைத் திருப்பி, தலையை ஆட்டவிட்டேன். காற்று மூன்றாம் வரிசையோடு நின்றுவிட்டது.

"சாச்சா, நடுவுல கொண்டுபோய் வைக்கணும்னா நீளமா ஒரு வயர் வேணும்."

"அதுக்கென்ன மிஸ், தந்துட்டாப்..."

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. நான் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தேன்.

"இப்பவே! இப்பவே!" என்று அவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வெற்றிலைப் பெட்டியை முக்காலியிலேயே விட்டுவிட்டார்.

வயர் அரை மணியில் வந்தது. சாவி என் பையிலேயே இருந்தது. கடைசி வரிசையில் ஷுமியின் தாள் பறந்தபோது அவள் அதைப் பிடிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மக்ரிப் ஆகிவிட்டது. தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து வாக்கியத்திலும் நான், அந்தப் பக்கத்து வாக்கியத்திலும் நான். நிமாய் கடை வாசலில் சீப்பைப் பிடித்துக்கொண்டு ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். ஷுமி வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் சத்தம் சட்டென்று நின்றது. என்னைப் பார்த்துவிட்டாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா அதட்டினாள்: "ஏன்டி நிறுத்திட்ட? மிஸ் போறாங்க பாரு, சத்தமாப் படி!"